தருமபுரி பைண்டிங் கடையும் கோமுல்காவின் ஆறு ஆண்டுகளும்

என் கையில் இருந்த புத்தகத்தில் 176-ஆம் பக்கத்துக்கு அடுத்து 209-ஆம் பக்கம் வந்தது. 176-ஆம் பக்கத்தின் அடியில், 1948-ஆம் ஆண்டுக் கோடையில், விளாதிஸ்லாவ் கோமுல்கா போலந்துத் தொழிலாளர் கட்சியின் பொதுச் செயலாளராகவும் நாட்டின் துணைப் பிரதமராகவும் இருக்கிறார். 209-ஆம் பக்கத்தின் தலைப்பில் 1954 டிசம்பர் பிறந்துவிடுகிறது. அவர் காவலிலிருந்து வெளியே வருகிறார். நடுவில் அவரை யார் இறக்கினார்கள், எதற்காகப் பிடித்தார்கள், எங்கே வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் அடங்கிய 32 பக்கங்கள் இல்லை. இணையத்தில் பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் 640 ரூபாய் கொடுத்து வாங்கிய ஆங்கில வாழ்க்கை வரலாறு அது. படம் எடுத்து அனுப்பிக் கேட்டதற்கு, பழைய புத்தகம் என்றால் அப்படித்தான் இருக்கும், திருப்பி எடுத்துக்கொள்ள இயலாது என்று அவர் பதில் எழுதிவிட்டார். அந்தக் குறையைத் தீர்த்து முழுப் புத்தகமாக என் கையில் கொடுத்தது தருமபுரியில் உள்ள ஒரு பைண்டிங் கடை. அந்தக் கடையின் வேலையைப் பற்றி, வேண்டியவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில், பாலக்கோடு வட்டாரத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்குப் போலந்து அரசியல்வாதி ஒருவரின் வாழ்க்கை எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். சோவியத் அணியில் இருந்த நாடுகளில், விளைநிலத்தின் பெரும்பகுதி கடைசிவரை தனித்தனி உழவர்களின் கையிலேயே தங்கிய நாடு போலந்து ஒன்றுதான். அண்டை நாடுகளிலெல்லாம் நிலங்களைச் சேர்த்துக் கூட்டுப் பண்ணைகளாக்கிவிட்ட காலத்தில் அங்கே மட்டும் அது ஏன் நிற்கவில்லை என்ற கேள்வி, பயிர்க்கடன் பேரேட்டையும் உரக் கிடங்கின் இருப்பையும் பார்த்துக்கொண்டே காலம் கழித்த எனக்கு நெடுநாளாக உள்ளே இருந்தது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கோமுல்காவின் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். (அந்தப் பெயரின் நடுவில் வரும் போலந்து எழுத்து நம் காதுக்கு 'வ்' என்று கேட்கும், கொமூவ்கா என்பதுதான் அங்குள்ள ஒலிப்பு. கோமுல்கா என்று எழுதியே பழகிவிட்டதால் அதை மாற்றவில்லை.)

கடை, தருமபுரிப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. சந்து முனையில் உள்ள தேநீர்க் கடையில் "பைண்டிங் கடை" என்று கேட்டால் கையைக் காட்டிவிடுவார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும் ஓர் அறை. ஒரு சுவர் முழுக்கப் பழைய புத்தகங்கள் விற்பனைக்கு அடுக்கியிருக்கின்றன. எதிர்ப்புறம் மர இறுக்கி, தைக்கும் சட்டம், காலிகோ துணிச் சுருள்கள். உரிமையாளருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பள்ளிப் பதிவேடுகளும் வழக்கறிஞர்களின் கட்டுகளும்தான் அவருக்குச் சோறு போடும் வேலை. புத்தகத்தை நான் நீட்டியபோது அவர் பெயரையும் பார்க்கவில்லை, அட்டையையும் பார்க்கவில்லை. பக்கங்களின் அடியில் இருக்கும் சிறிய பார எண்களை மட்டும் விரலால் தள்ளிக்கொண்டே போனார் (ஒரே பெரிய தாளில் அச்சாகி மடிக்கப்பட்ட பக்கக் கட்டுதான் பாரம்). "பதினாறு பக்கத்துக்கு ஒரு பாரம் தம்பி. பதினொன்னு இருக்கு, பதினாலு இருக்கு. பன்னிரண்டும் பதிமூணும் கோக்கும்போதே விட்டுப்போயிருக்கு. யாரும் கிழிக்கலை" என்றார். விற்றவர் கிழித்துவிட்டார் என்று அதுவரை நான் மனத்துக்குள் வைத்திருந்த கோபம் அந்த இடத்தில் தணிந்தது. அச்சான காலத்திலிருந்தே அந்தப் பிரதியில் கோமுல்காவின் ஆறு ஆண்டுகள் இல்லை. எனக்கு முன் அதை வைத்திருந்தவர்கள் எவரும் அதைக் கடைசிவரை படிக்கவில்லை போலிருக்கிறது.

விட்டுப்போன பாரங்களைத் தேடித் தருவது இந்தக் கடையின் தனிச்சிறப்பு. சேலம், பெங்களூரு, சென்னை என்று பழைய புத்தக வியாபாரிகளிடம் அவருக்கு நாற்பது ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. பதிப்பு, ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைத் துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு, கிடைத்தால் மூன்று வாரம், கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப என்று சொன்னார். முன்பணம் 100 ரூபாய். பதினெட்டாம் நாள் பெங்களூரிலிருந்து பஸ் பார்சலில் அந்த 32 பக்கங்களின் நகல் வந்து சேர்ந்தது.

அந்தப் பக்கங்களில் இருப்பதைச் சொன்னால்தான் அந்த வேலையின் அருமை தெரியும். அதற்கு அவற்றின் முன்கதை கொஞ்சம் வேண்டும். கோமுல்கா 1905 பிப்ரவரி 6-ஆம் நாள், அன்றைக்கு ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் கீழிருந்த கலீசியாவில், க்ரோஸ்னோ நகருக்கு அருகே பிறந்தார். தந்தை எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்தவர். மகன் பூட்டு, இரும்பு வேலை பழகினார். 1926-இல் தடைசெய்யப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து தொழிற்சங்க வேலையில் இறங்கினார். 1932-இல் வூச் நகர நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது காவலர்கள் சுட்ட குண்டு காலில் பாய்ந்தது; அந்தக் காலின் ஊனம் அவர் சாகும்வரை இருந்தது. சிறை, பிறகு மாஸ்கோவில் லெனின் பள்ளியில் படிப்பு, திரும்பி வந்ததும் 1936-இல் மறுபடி கைது, ஏழு ஆண்டுத் தண்டனை. இந்த இரண்டாம் சிறைதான் அவர் உயிரைக் காத்தது. மாஸ்கோவில் அடைக்கலம் புகுந்திருந்த போலந்துக் கம்யூனிஸ்ட் தலைவர்களை ஸ்டாலின் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகப் பிடித்துச் சுட்டுக் கொன்று, 1938-இல் அந்தக் கட்சியையே கலைத்தபோது, கோமுல்கா சொந்த நாட்டு முதலாளித்துவ அரசின் சிறையில் பத்திரமாக இருந்தார்.

போர்க்காலத்தில், ஜெர்மானியர் பிடியிலிருந்த வார்சாவில், புதிதாக உருவான தொழிலாளர் கட்சியின் முதல் செயலாளர் கொல்லப்பட்டு, பின்னால் வந்தவரும் கைதாகிவிட்ட நிலையில், 1943 நவம்பரில் அந்தப் பொறுப்பு இவரிடம் வந்தது. 'வியெஸ்வாவ்' என்பது தலைமறைவுக் காலத்துப் பெயர். பிற்காலத்திலும் தோழர்கள் அப்படியே அழைத்தார்கள். போர் முடியும் தறுவாயிலேயே துணைப் பிரதமர். ஜெர்மனியிடமிருந்து பெற்ற மேற்குப் பகுதிகளுக்கு அமைச்சர். போருக்குப் பிந்திய போலந்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது. அங்கிருந்த ஜெர்மானியர்களை லட்சக்கணக்கில் வெளியேற்றியதும், கிழக்கில் ஊர் இழந்து வந்த போலந்து மக்களைக் குடியமர்த்தியதும் அவர் பொறுப்பில் நடந்தவை. 1946 ஜூன் பொது வாக்கெடுப்பின் முடிவும் 1947 ஜனவரித் தேர்தலின் முடிவும் பொய்யாக மாற்றப்பட்டபோது கட்சியின் தலைமையில் இருந்தவர் அவரே. எதிர்க்கட்சியாக நின்ற உழவர் கட்சியின் தலைவர் மிக்கோவாய்ச்சிக் அந்த ஆண்டு அக்டோபரில் நாட்டைவிட்டே தப்பி ஓடினார். பின்னால் மக்கள் கோமுல்காவைக் கொண்டாடியதைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் என் பிரதி முடிந்து, பெங்களூரிலிருந்து வந்த பக்கங்கள் தொடங்குகின்றன. கூட்டுப் பண்ணைகளை அவசரமாகத் திணிப்பதற்கு அவர் உடன்படவில்லை. யூகோஸ்லாவியாவின் டிட்டோவைச் சோவியத் தலைமை ஒதுக்கிவைத்ததை மனமொப்பி ஏற்கவில்லை. 1948 ஜூனில் மத்தியக் குழுவில் பேசும்போது, போலந்தின் விடுதலைக்காக நின்ற பழைய சோஷலிஸ்டுகளை மதித்துப் பேசினார். இவ்வளவும் சேர்ந்து 'வலதுசாரித் தேசியவாதப் பிறழ்வு' என்ற குற்றச்சாட்டாயிற்று. அந்த ஆண்டு செப்டம்பருக்குள் பொதுச் செயலாளர் பதவி பொலெஸ்வாவ் பியெருத்திடம் போனது. அடுத்த ஆண்டு நவம்பரில் மத்தியக் குழுவிலிருந்தும் வெளியேற்றினார்கள். 1951 ஆகஸ்டு 2-ஆம் நாள், க்ரினிட்சா என்ற மலையூரில் ஓய்வுக்காகத் தங்கியிருந்தவரை ரகசியக் காவல்துறை அதிகாரி யூசெஃப் ஷ்வியாத்வோ வந்து கைது செய்தார். வார்சாவுக்கு வெளியே மியெஜெஷின் என்ற இடத்தில் ஒரு வீட்டில் அவரை அடைத்தார்கள். அவருடைய மனைவி ஸோஃபியாவையும் பிடித்து அதே வீட்டில் வேறு அறையில் வைத்தார்கள்.

இரண்டாம் முறை படித்தபோதும் என்னால் வேகமாகக் கடக்க முடியாத பகுதி இதுதான். அதே ஆண்டுகளில் ஹங்கேரியில் ராய்க், பல்கேரியாவில் கோஸ்தோவ், செக்கோஸ்லோவாக்கியாவில் ஸ்லான்ஸ்கி என்று, கட்சியின் மேல்மட்டத்தில் இருந்தவர்களே செய்யாத குற்றங்களுக்காக விசாரணைக் கூண்டில் நிறுத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். கோமுல்காவுக்கும் அத்தகைய வழக்கு ஒன்று தயாரானது. ஆனால் அவர் வழிக்கு வரவில்லை, பியெருத்தும் நாளைக் கடத்திக்கொண்டே போனார், வழக்கு நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். கோமுல்காவைக் கைது செய்த அதே ஷ்வியாத்வோ அந்த ஆண்டு டிசம்பரில் பெர்லினில் மேற்குப் பக்கம் தாவி, அடுத்த ஆண்டு வானொலியில் ரகசியக் காவல்துறையின் உள்விவகாரங்களை நாடறியச் சொல்லத் தொடங்கினார். 1954 டிசம்பரில் கோமுல்கா, குற்றமும் சாட்டப்படாமல் மன்னிப்பும் கேட்கப்படாமல், வீட்டுக்குத் திரும்பினார்.

ஆக, போருக்கு முந்திய சிறை மாஸ்கோவின் குண்டிலிருந்து அவரைக் காத்தது. போருக்குப் பிந்திய காவல் ஸ்டாலின் காலத்துக் கொடுமைகளில் கையெழுத்துப் போடாதவர் என்ற பெயரை அவருக்குக் கொடுத்தது. இந்த இரண்டாவது செய்தி இல்லாமல் 1956-ஐப் படித்தபோது, ஒரு கம்யூனிஸ்ட் தலைவரைப் பார்க்க லட்சக்கணக்கான மக்கள் ஏன் தாமாக வந்து நின்றார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

பைண்டிங் வேலைக்கு வருகிறேன். நகல் எடுத்த தாள்களைத் தனித்தாளாக வைத்து ஓரத்தில் ஒட்டிக் கொடுப்பதுதான் எங்கும் நடப்பது. நாலு முறை புரட்டினால் அவை கையோடு வந்துவிடும். இவர் பெரிய தாளில் இருபுறமும் பக்கங்கள் விழும்படி மறுபடி நகல் எடுக்கச் செய்து, மடித்து, இரண்டு பாரங்களாகவே ஆக்கினார். புத்தகத்தின் மற்றத் தாள்கள் பழுத்து மஞ்சளாகிவிட்டதால் வெள்ளைத் தாள் கண்ணை உறுத்தும் என்று, மங்கிய நிறத் தாளையே வாங்கி வந்திருந்தார். அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. பழைய தையலை முழுவதும் பிரித்து, பாரம் பாரமாக நூல் கோத்துத் தைத்து, முதுகுக்கு மல் துணி ஒட்டி, பச்சைக் காலிகோவில் அட்டை கட்டினார். ஒட்டுவதற்கு அவரே காய்ச்சும் மைதாப் பசை. பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலக்கிறார். நான் போயிருந்த நாளில் அடுப்பிலிருந்து இறக்கிய பசையில் நீலத் துளிகள் கரைந்துகொண்டிருந்தன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொஞ்சம் எடுத்து இழுத்துப் பார்த்து, நூல் போல் அறுந்ததும் "இன்னும் கொஞ்சம்" என்று மறுபடி அடுப்பில் வைத்தார். ஓரங்களை வெட்டும் இயந்திரத்தில் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. ஓர வெளி குறைவாக இருக்கும் புத்தகத்தை வெட்டினால் அடுத்த முறை பைண்டிங் செய்யும்போது எழுத்து போய்விடும் என்பது அவர் சொன்ன காரணம். அடுத்த முறை என்பது என் காலத்துக்குப் பிறகுதான் வரும். அதையும் அவர் கணக்கில் வைத்திருந்தார்.

தவறும் நேர்ந்தது. வீட்டுக்கு வந்து படித்தபோது 185-ஆம் பக்கத்துக்கு எதிரே 188 இருந்தது; மடிப்பில் ஒரு தாள் திரும்பிவிட்டிருக்கிறது. மறுநாளே எடுத்துக்கொண்டு போனேன். வாதம் எதுவும் செய்யாமல், தைத்ததைப் பிரித்து, அந்தத் தாளை மாற்றி மடித்து, இரண்டு நாளில் கொடுத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். மொத்தச் செலவு, நகலும் பார்சலும் சேர்த்து, 410 ரூபாய். 640 ரூபாய்ப் புத்தகத்துக்கு இது அதிகம் என்று வீட்டில் சொன்னார்கள். பயன்படாமல் கிடந்த 640 ரூபாயை இந்த 410 ரூபாய் மீட்டுத் தந்தது என்றே நான் கணக்கு வைத்துக்கொண்டேன்.

முழுப் புத்தகமாகப் படித்த பின்தான் என் கேள்விக்கு விடை கிடைத்தது. 1956 பிப்ரவரியில் சோவியத் தலைவர் குருஷேவ் ஸ்டாலினின் குற்றங்களைப் பற்றி மூடிய கதவுக்குள் பேசினார். மார்ச்சு 12-ஆம் நாள் பியெருத் மாஸ்கோவிலேயே இறந்தார். ஜூன் 28-ஆம் நாள் போஸ்னான் நகரத் தொழிலாளர்கள் கூலிக்காகவும் உணவுக்காகவும் தெருவில் இறங்கியபோது இராணுவம் சுட்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அக்டோபர் 19-ஆம் நாள், கோமுல்காவைத் தலைமைக்குக் கொண்டுவர மத்தியக் குழு கூடிய காலையில், குருஷேவ் அழைப்பில்லாமல் வார்சாவில் வந்து இறங்கினார். சோவியத் படைகள் தலைநகரை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. போலந்து சோவியத் அணியைவிட்டு விலகாது, ஆனால் தன் வீட்டைத் தானே நிர்வகித்துக்கொள்ளும் என்பதில் கோமுல்கா அசையாமல் நின்றார். படைகள் நின்றன. 21-ஆம் நாள் அவர் முதல் செயலாளர் ஆனார். பாதுகாப்பு அமைச்சராக வைக்கப்பட்டிருந்த சோவியத் மார்ஷல் ரொக்கசோவ்ஸ்கி சில வாரங்களில் ஊர் திரும்பினார். 24-ஆம் நாள் வார்சாவின் பெருந்திடலில் லட்சக்கணக்கானோர் கூடினார்கள். மூன்று ஆண்டுகள் காவலில் இருந்த, போலந்துக் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர் கார்டினல் விஷின்ஸ்கி அந்த மாத இறுதியில் விடுதலையானார். அதே நாள்களில் ஹங்கேரியில் எழுந்த கிளர்ச்சியைச் சோவியத் டாங்கிகள் நசுக்கியதை நினைத்துப் பார்த்தால், போலந்தில் ரத்தம் சிந்தாமல் அது முடிந்ததன் மதிப்பு தெரியும்.

நிலத்தின் கதை இங்கேதான் வருகிறது. அவர் பதவி இழந்த பிறகு தொடங்கிய கூட்டுப் பண்ணைகள் 1956-இல் சுமார் 10,000 வரை இருந்தன. கட்டாயமில்லை என்று அவர் சொன்ன சில மாதங்களுக்குள் அவற்றில் பெரும்பாலானவை கலைந்துபோயின. உழவர்கள் தங்கள் வரப்பைத் தாங்களே மறுபடி வெட்டிக்கொண்டார்கள். அரசுக்குக் குறைந்த விலையில் தானியம் கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாய அளவை முற்றிலும் எடுக்காமல் குறைத்தார்கள். அந்தக் கொள்முதலில் கிடைத்த விலை வேறுபாட்டை 1959 முதல் வேளாண்மை வளர்ச்சி நிதி என்று தனியாக ஒதுக்கி, ஊர்தோறும் இருந்த உழவர் வட்டங்களுக்கு டிராக்டரும் கருவிகளும் வாங்கித் தந்தார்கள். இதைப் படித்தபோது எங்கள் சங்கத்தில் பயிர்க்கடனிலிருந்து பங்குத் தொகை பிடித்த நாள்கள் நினைவுக்கு வந்தன. பிடித்த பணம் உழவரின் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் அதை என்ன செய்வது என்று முடிவு செய்கிறவர் அவர் இல்லை. அங்கேயும் அந்தக் கருவிகள் வட்டத்தின் சொத்தாக இருந்தன, தனி உழவர் ஒரு டிராக்டர் வாங்குவது எளிதாக இல்லை. நிலத்தை விட்டுக்கொடுத்த கோமுல்கா, அந்த நிலத்தில் பெரிதாக வளர உழவரை விடவில்லை. இருந்தும், பாலக்கோட்டுச் சந்தையில் தக்காளிக் கூடையோடு நிற்கும் எவரும் இரண்டில் எதை எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வரப்பு தன்னுடையது என்பது உழவருக்குச் சிறிய சங்கதி அன்று. அந்த ஒன்றுக்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

பின்பாதியைப் படிப்பது துன்பமாக இருந்தது. அவரைப் பதவிக்குக் கொண்டுவரத் துணையாக நின்ற மாணவர் வார இதழை 1957 அக்டோபரிலேயே மூடினார்கள். 1964-இல் 34 எழுத்தாளர்களும் அறிஞர்களும் தணிக்கையைத் தளர்த்துங்கள் என்று கடிதம் கொடுத்தபோது அவர்கள் மேல்தான் நடவடிக்கை பாய்ந்தது. போலந்து ஆயர்கள் ஜெர்மன் ஆயர்களுக்கு மன்னிக்கிறோம், மன்னிப்புக் கேட்கிறோம் என்று 1965-இல் எழுதியதை அவர் நாட்டுத் துரோகமாகக் கண்டார். 1968 மார்ச்சில் பல்கலைக்கழக மாணவர்களைத் தடிகொண்டு அடித்ததோடு, இஸ்ரேல் ஆதரவாளர்களான சியோனிஸ்டுகளுக்கு எதிர்ப்பு என்ற பெயரில் யூதர்கள் மீது ஓர் இயக்கமே நடந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பிறந்த நாட்டைவிட்டுப் போனார்கள். ஸோஃபியா யூதக் குடும்பத்தில் பிறந்தவர். செய்யாத குற்றம் ஒன்றைக் காகிதத்தில் எழுதி ஒரு மனிதரை எப்படி அழிப்பார்கள் என்பதை மியெஜெஷின் வீட்டில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்து அறிந்த கோமுல்கா, தம் ஆட்சியில் அது ஆயிரக்கணக்கானோருக்கு நடக்க விட்டார். அந்த 32 பக்கங்கள் இல்லாத பிரதியில் இந்த 1968 ஒரு நிகழ்ச்சியாகக் கடந்துபோயிருந்தது. இப்போது அதைப் படித்துவிட்டு 190-ஆம் பக்கத்துக்குத் திரும்பிப் போனேன். அன்று இரவு மேற்கொண்டு படிக்கவில்லை. அந்த ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்த படைகளில் போலந்துப் படையும் இருந்தது.

1970 டிசம்பர் 7-ஆம் நாள் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் வில்லி பிராண்ட் வார்சாவுக்கு வந்து, ஓடர்-நைசே ஆறுகளைப் போலந்தின் மேற்கு எல்லையாக ஏற்று உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். கால் நூற்றாண்டுக்கு முன் தாம் அமைச்சராக இருந்து ஆள் குடியேற்றிய மண் இனித் திரும்பக் கேட்கப்படாது என்பதற்கான பத்திரம் கோமுல்காவின் கைக்கு வந்த நாள் அது. ஐந்து நாள் கழித்து, கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரமே இருக்கையில், இறைச்சி உள்ளிட்ட உணவுப் பொருள்களின் விலையை ஏற்றி அறிவித்தார்கள். க்டான்ஸ்க் கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்கள் 14-ஆம் நாள் வெளியே வந்தார்கள். சுடுவதற்கான அனுமதியை 15-ஆம் நாள் காலையில் கோமுல்காவே கொடுத்தார். வேலைக்குத் திரும்புங்கள் என்று தொலைக்காட்சியில் கேட்டதை நம்பி 17-ஆம் நாள் விடியலில் க்டினியாவில் ரயிலைவிட்டு இறங்கிய தொழிலாளர்கள் மீதும் துப்பாக்கிகள் திரும்பின. கடற்கரை நகரங்களில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 20-ஆம் நாள் அவர் இடத்தில் எட்வர்ட் கியெரெக் அமர்ந்தார். போஸ்னானில் தொழிலாளரைச் சுட்டதால் ஏற்பட்ட நெருக்கடியில் பதவிக்கு வந்தவர், பால்டிக் கரையில் தொழிலாளரைச் சுட்டதால் பதவியை இழந்தார். 1982 செப்டம்பர் 1-ஆம் நாள் புற்றுநோயில் இறந்தார். தமக்கென்று எதையும் சேர்க்காமல் எளிமையாக வாழ்ந்தவர் என்பதை அவரை வெறுத்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

கடைக்குப் போகிறவர்களுக்குச் சில செய்திகள். உள்ளே ஒரே ஒரு குழல் விளக்குதான். பழைய புத்தகங்களைத் தேடிப் பார்க்க நினைப்பவர்கள் காலையில் போவது நல்லது. வாசற்படி இரண்டும் உயரம். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நின்று கூப்பிட்டால் அவரே வந்து புத்தகத்தை வாங்கிக்கொள்வார். உட்கார இடம் கிடையாது. ரசீது தருவதில்லை, குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்; அலுவலகக் கணக்குக்கு ரசீது தேவைப்படுபவர்களுக்கு இது சங்கடம். தொலைபேசியை எடுப்பதும் அரிது, கையில் பசை இருக்கும். விலை பேசினால் குறைக்க மாட்டார், கூட்டியும் சொல்ல மாட்டார். தேடித் தரும் வேலையை ஆங்கில, தமிழ்ப் புத்தகங்களுக்கு மட்டும் ஏற்கிறார். அச்சில் இருக்கும் புதிய புத்தகங்களின் பக்கங்களை நகல் எடுத்துத் தர மறுத்துவிடுகிறார், கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். இந்த விஷயத்தில் அவர் செய்வது சரி.

பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் எங்கே வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் பதினாறு பதினாறாகப் பார எண்ணைப் பார்த்துவிடுங்கள்; இதை அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார், ஐந்து நிமிடம்கூட ஆகாது. பைண்டிங்குக்குக் கொடுப்பதாக இருந்தால் ஐப்பசியும் கார்த்திகையும் வேண்டாம். மழை நாளில் பசை உள்ளே காயாமல் அட்டை வளைந்துவிடும் என்று அவரே வேலையை வாங்குவதில்லை. என்னிடம் இன்னும் இரண்டு புத்தகங்கள் பிரிந்து கிடக்கின்றன. தை பிறந்ததும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.